தொழில் மாறினாலும் ஹக்கு மாறாது

மனிதன் நிறைவேற்ற வேண்டிய கடமைகளை உலமாப் பெருமக்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று ஹக்குல்லாஹ், அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டியது. மற்றது ஹக்குல் இபாத். அவனுடைய அடியார்களுக்கு நாம் செலுத்த வேண்டியது. முதலாவதில் குறை நேர்ந்தால் மன்றாடி நிற்பதற்கு ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. இரண்டாவதிலோ அந்த வாசலின் சாவி உரிமைக்காரரின் கையில் இருக்கிறது. அவர் தமக்குரியதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அல்லது மனமொப்பி விட்டுக்கொடுக்க வேண்டும். இதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் அந்த உரிமைக்காரர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தால், அவர் செய்த தொழில் நமக்கு உவப்பில்லாததாக இருந்தால், அப்போதும் இந்தப் பாடம் நம் நினைவில் நிற்கிறதா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

கீரனூரில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தபோது அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ஜமைக்கா என்ற நாட்டில் ஒரு பெண் பாடிய பாட்டை வைத்து உலகமெல்லாம் சம்பாதித்திருக்கிறார்கள். பாடியவளுக்கு ஒரு காசு வரவில்லை. அவள் பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு பேங்கிலே கணக்கு எழுதிப் பிழைத்தாளாம். என்னோடு ரூமில் இருப்பவர் இது பெரிய அநியாயம் என்கிறார். பாட்டே நமக்கு ஆகாது என்கிறோம். அப்படியிருக்க அதற்குக் கூலி கிடைக்காததை எப்படி அநியாயம் என்பது?"

கேள்வி சிறியது. ஆனால் அதன் வேர் நம் வீட்டு முற்றம் வரை ஓடுகிறது. ஆகவே அதற்கு விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

யார் அந்தப் பெண்?

கரீபியன் கடலில் உள்ள சிறிய தீவு நாடு ஜமைக்கா. 1962 ஆகஸ்டில் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்றது. 1960களின் பிற்பகுதியில் அந்த நாட்டு ஏழைமக்களிடையே உருவாகிப் பின்னர் உலகெங்கும் பரவிய இசைக்கு ரெகே என்று பெயர். 2018ல் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே தெருவோரத்தில் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டைச் சுழல விடுவார்கள். பாட்டில்லாத வெறும் மெட்டு ஒலிக்க, அதன் மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றும் சொற்களைத் தாளத்தோடு அடுக்கிப் பாடுவார். இது பெரும்பாலும் ஆண்களின் களமாக இருந்தது.

அந்தக் களத்தில் துணிந்து இறங்கிய முதல் பெண்களில் ஒருவர் சிஸ்டர் நான்ஸி என்று அறியப்படும் ஓஃப்லின் ரஸ்ஸல். 1962 ஜனவரி 2ஆம் தேதி தலைநகர் கிங்ஸ்டனில், 15 பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர் பிரிகேடியர் ஜெரியும் இதே துறையில் பெயர் பெற்றவர். நான்ஸியின் முதல் இசைத்தட்டு 1980ல் வெளிவந்தது. 1982ல் வின்ஸ்டன் ரைலி என்பவரின் தயாரிப்பில் 'ஒன், டூ' என்ற தொகுப்பு வந்தது. அதில் இடம்பெற்ற ஒரு பாட்டு 'பேம் பேம்'. அதைப் பாடியபோது அவருக்கு வயது 20.

அந்தப் பாட்டு தீவை விட்டுப் புறப்பட்டது. 1998ல் 'பெல்லி' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் ஒலித்தது. அதே ஆண்டில் லாரின் ஹில் என்ற பாடகியின் பாட்டில் அதன் சாயல் எடுத்தாளப்பட்டது. 2016ல் கான்யே வெஸ்ட், 2017ல் ஜே-ஸீ என்று அமெரிக்காவின் பெரும்புள்ளிகள் அந்தக் குரலையே வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள். விளம்பரங்களிலும் அது புகுந்தது.

பாடியவரின் நிலை என்ன? அவர் 1996ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் குடியேறினார். அங்கே ஒரு வங்கியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய குரல் ஊர் ஊராகச் சுற்றிக் காசு ஈட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிறருடைய காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டுக்கான ராயல்டி எதுவும் தமக்கு வந்ததில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014ல் தொலைக்காட்சியில் ரீபாக் என்ற காலணிக் கம்பெனியின் விளம்பரத்தில் தம் குரலைக் கேட்ட பிறகுதான் வக்கீலை நாடினார். பாட்டு வெளிவந்து அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கடந்த 10 ஆண்டுகளுக்கான தொகையும், அந்தத் தொகுப்பின் உரிமையில் சரிபாதியும் அவருக்குக் கிடைத்தன. பிந்திய வயதில் வங்கி வேலையை விட்டு மீண்டும் மேடைக்குத் திரும்பினார். அவருடைய வரலாறு 2024ல் ஒரு ஆவணப்படமாகவும் வந்தது.

இந்த நிலைக்குச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டிஷார் 1911ல் இயற்றிய பழைய காப்புரிமைச் சட்டமே ஜமைக்காவில் 1993 வரை இருந்தது. புதிய சட்டம் வந்தது அவ்வாண்டில்தான். ஸ்டூடியோவுக்குள் நுழையும் ஏழைப் பிள்ளைகள் பத்திரம் எதுவும் இல்லாமல் பாடிவிட்டுப் போவதும், தட்டு யாருடைய பெயரில் பதிவாகிறதோ அவரிடமே எல்லாம் தங்கிவிடுவதும் அந்நாட்டு இசைத்துறையில் சகஜமாக இருந்தன.

மூன்று சாக்குகள்

பிறர் ஹக்கைக் கையில் வைத்திருப்பவன் தன் மனசாட்சியைச் சமாதானப்படுத்த மூன்று சாக்குகளைச் சொல்வான். "அவள் செய்த தொழிலே சரியில்லை" என்பது முதலாவது. "அவள்தான் அதை விட்டுவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டதே" என்பது இரண்டாவது. "அவள் கொடுத்தது கொஞ்சம், அதைப் பெரிதாக்கியது நான்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மார்க்கத்தின் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

தொழில் பிடிக்காவிட்டால் கூலி தீருமா?

இளைஞரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பாவமான காரியத்துக்கு ஒருவரைக் கூலிக்கு அமர்த்தும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஃபிக்ஹு நூல்களில் பொதுவாகக் காணப்படும் சட்டம். எந்தப் பாட்டு ஆகும், எது ஆகாது என்பதில் இமாம்களிடையே நீண்ட விவாதம் உண்டு. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்ற ஹதீஸ் புகாரி ஷரீஃபில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, பாட்டின் பொருள், பாடுவோர், கேட்போரின் நிலை ஆகியவற்றைக் கொண்டு பிரித்துப் பேசுகிறார்கள். கடுமையாகத் தடுத்தவர்களும் உண்டு. அந்த விவாதத்தை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. ஆகாது என்ற கருத்தையே வாதத்துக்காக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பணம் யாருக்கு ஆகும்? பாடியவளுக்கு ஆகாத காசு, அவள் பாட்டை விற்றவனுக்கு மட்டும் எப்படி ஆகும்? ஒப்பந்தம் செல்லாது என்ற சட்டம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது. அதைப் பாதியாக வெட்டி, கூலி கொடுக்காமல் இருப்பதற்கு மட்டும் மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பது மார்க்கத்தோடு விளையாடுவதாகும்.

மேலும், அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். பிற மதத்தினர் தங்களுக்குள் பொருளாக மதிக்கும் ஒன்றை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதை நம் இமாம்கள் விட்டுவைக்கவில்லை. நமக்கு மது ஹராம். ஒரு காசும் பெறாதது. ஆனால் முஸ்லிம் நாட்டில் வாழும் பிற மதத்தவரின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டி அழித்துவிட்டால் அதன் விலையை அவன் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் நஷ்டஈடு இல்லை. ஆனாலும் அவர்கள் அதைப் பகிரங்கப்படுத்தாத வரை அதில் கைவைக்க அங்கும் அனுமதியில்லை. பொருள் நமக்கு வெறுப்பானது. உரிமைக்காரர் நம்மவர் அல்லர். அப்படியிருந்தும் நம் கை அதன்மேல் நீளக் கூடாது. நம்முடைய வெறுப்பு பிறருடைய பொருளை நமக்கு ஹலாலாக்கிவிடாது என்பதே இதிலிருந்து பெறப்படும் நியதி.

ஸீராவைப் புரட்டுங்கள். நபித்துவத்தை மறுத்து, தோழர்களை வதைத்து, இறுதியில் கொல்லவும் துணிந்த மக்காவாசிகள், தங்கள் பொருள்களை மட்டும் பெருமானாரிடமே அமானிதமாக வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்தின் இரவில் பெருமானார் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றதன் நோக்கங்களுள் ஒன்று, அந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பது. வைத்திருந்தவர்கள் சிலைவணங்கிகள், அந்தப் பொருள் எந்த வியாபாரத்தில் வந்தது என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை. முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்களின் சம்பவமும் புகாரி ஷரீஃபில் வருகிறது. இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன் அவர் தம்மோடு பயணம் செய்தவர்களைக் கொன்று அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பொருளோடு தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். செத்தவர்களும் முஷ்ரிக்குகள்தாம். ஆயினும் துரோகத்தால் வந்த பொருள் துரோகத்தால் வந்ததாகவே இருந்தது.

ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் நகரத்தாருக்குச் செய்த உபதேசத்தைத் திருமறை பல இடங்களில் எடுத்துரைக்கிறது. அளவைக் குறைக்காதீர்கள் என்றதோடு, மனிதர்களுக்கு உரியதைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். இங்கே வந்துள்ள சொல் 'அன்னாஸ்' என்பது. மனிதர்கள்! நல்லவர்கள், நம்மவர்கள் என்ற அடைமொழி எதுவும் அங்கே இல்லை.

இதை நாம் ஜமைக்காவோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கல்யாண ஊர்வலத்துக்குக் கொட்டுக்காரரை அழைத்து வருகிறோம். நள்ளிரவு வரை அடிக்க வைத்துக் கேட்கிறோம். கூலி கொடுக்கும் நேரத்தில்தான் சிலருக்கு மார்க்கம் நினைவுக்கு வருகிறது. "இதெல்லாம் நமக்கு ஆகாத வேலை, இவனுக்கு இவ்வளவு எதற்கு?" என்று பேசியதில் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகாது என்றால் அழைப்பதற்கு முன்பல்லவா ஆகாமல் இருந்திருக்க வேண்டும்?

விட்டுப்போனால் உரிமை விட்டுப்போகுமா?

இரண்டாவது சாக்கு காலத்தைப் பற்றியது. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி கொடுக்கல் வாங்கல் வழக்குகளைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கோர்ட்டு கேட்காது. "கேஸ் நிற்காது" என்று வக்கீல் சொன்ன மாத்திரத்தில் கடனே தீர்ந்துவிட்டது போல் நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். நான்ஸியின் விஷயத்திலும் 32 ஆண்டுகளுக்கு 10 ஆண்டுகளின் பணம்தான் கைக்கு வந்தது. மீதி 22 ஆண்டுகள் எங்கே போயின?

உலகச் சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும்தான். சாட்சிகள் மரணித்துவிடுகிறார்கள், தஸ்தாவேஜுகள் அழிந்துவிடுகின்றன. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டின் கதவு மூடுவது வேறு, கடன் தீர்வது வேறு. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற ஷரீஅத் சட்டத்தொகுப்பின் 1674ஆம் விதி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. நீண்ட காலம் கழிந்த வழக்கைக் கேட்காமலிருக்க காழிக்கு இடமுண்டு. ஆனால் காலம் கழிந்ததனால் உரிமை வீழ்ந்துவிடாது. கொடுக்க வேண்டியவன் காழியின் முன் வந்து ஒப்புக்கொண்டால் எத்தனை ஆண்டுகளானாலும் தீர்ப்பு கொடுக்கப்படும்.

ஷஹீதுக்கு எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர, என்பது முஸ்லிம் ஷரீஃபின் ஹதீஸ். கூலிக்காரனிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதைப் புகாரி ஷரீஃப் பதிவு செய்திருக்கிறது. அந்த வழக்குக்குக் காலவரையறை கிடையாது.

"அவள்தான் பேங்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறாளே, இது எதற்கு அவளுக்கு?" என்றும் கேட்பார்கள். உரிமைக்காரர் ஏழையாக இருக்க வேண்டும் என்பது ஸகாத்துக்கும் ஸதகாவுக்கும் உள்ள நிபந்தனை. கூலிக்கு அந்த நிபந்தனை இல்லை. கூலி தர்மம் அன்று, கடன்.

வளர்த்தவன் நான் என்றால்?

மூன்றாவது சாக்கே மிகவும் கனமானது. ஏனெனில் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

நான்ஸியின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளமான மெட்டு 'ஸ்டாலக்' என்ற பெயரில் ரைலி 1970களிலேயே தயாரித்து வைத்திருந்தது. 'பேம் பேம்' என்ற பல்லவியும் புதியதன்று. 1966ல் டூட்ஸ் அன்ட் தி மேடல்ஸ் என்ற குழு அதே பெயரில் பாடி, ஜமைக்காவின் விழாப்பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றிருந்தது. ஆகவே எல்லாம் அவளுடையது என்று சொல்வது நியாயமாகாது. மெட்டைத் தந்தவருக்கும், பணம் போட்டவருக்கும், கடைகளுக்குக் கொண்டு சேர்த்தவருக்கும் பங்குண்டு. ஆனால் அந்தக் குரலும், அன்று அவள் நாவில் பிறந்த சொற்களும் அவளுடையவை. பங்கு எவ்வளவு என்பதில் பேசித் தீர்க்க இடமுண்டு. பங்கே இல்லை என்பதற்கு இடமில்லை. பாதி கொடுத்த சமரசம் 32 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் அறிந்த குகைவாசிகள் மூவரின் வரலாறு நினைவுக்கு வர வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரி ஷரீஃபில் உள்ளது. மழைக்காகக் குகையில் ஒதுங்கிய மூவரைப் பாறை உருண்டு அடைத்துவிட்டது. தாங்கள் அல்லாஹ்வுக்காகவே செய்த அமலைச் சொல்லி ஒவ்வொருவரும் துஆ செய்தார்கள். மூன்றாமவர் என்ன சொன்னார்? அவர் ஒருவரைச் சிறிதளவு தானியத்துக்குக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். கூலிக்காரர் அதை வாங்காமலே போய்விட்டார். இவர் அந்தத் தானியத்தை விதைத்தார். அது விளைந்தது, விற்றார், மாடுகள் வாங்கினார், மேய்க்க ஆளும் வைத்தார். நெடுநாள் கழித்துக் கூலிக்காரர் வந்து, அல்லாஹ்வுக்கு அஞ்சி என் கூலியைக் கொடு என்றார். அதோ தெரிகிற மாடுகளும் மேய்ப்பவரும் உம்முடையவையே, ஓட்டிச் செல்லும் என்றார் இவர். கேலி செய்கிறீரா என்று கேட்டார் வந்தவர். கேலியில்லை என்று அத்தனையையும் கொடுத்தனுப்பினார். பாறை விலகியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தானியத்தை மட்டும் அளந்து கொடுத்திருந்தால் ஊரார் அவரை நேர்மையானவர் என்றே சொல்லியிருப்பார்கள். உழைத்து வளர்த்தவர் அவரே. விதைத்ததற்கும் மேய்த்ததற்கும் கணக்குப் போட்டுப் பெரும்பகுதியை அவர் பிடித்துக்கொண்டிருக்கலாம். விளைந்ததை முழுவதுமாகக் கொடுப்பது அனைவர் மீதும் கடமை என்று நாம் இதிலிருந்து சட்டம் எடுக்கவில்லை. ஆனால் பிறருக்குரியதிலிருந்து முளைத்த வளர்ச்சியைப் பார்க்கும்போது, ஒரு முஃமினின் மனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை இந்த ஹதீஸ் காட்டிவிட்டது. தானியம் மாட்டு மந்தையான பிறகும் தானியத்தின் விலையையே பேசிக்கொண்டிருப்பவனுக்குப் பாறை விலகுமா?

கையால் தொட முடியாத பாட்டும் எழுத்தும் ஒரு 'மால்' ஆகுமா என்ற ஐயமும் சிலருக்கு எழலாம். முற்காலப் பெரியவர்களில் இதை ஏற்கத் தயங்கியவர்கள் உண்டு. ஆனால் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தன் 43ஆம் தீர்மானத்தில், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்ட உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் முடிவு செய்தது. நம் நாட்டிலும் 2012ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திரைப்படப் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாதபடி செய்யப்பட்டது. ஆலிம்கள் உழைத்து எழுதிய நூலை முழுவதுமாகப் படம் பிடித்து, "ஸவாபுக்காக" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் நம் சகோதரர்களும் இந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எது கௌரவமான தொழில்?

பாட்டை விட்டுவிட்டு பேங்க் உத்தியோகத்துக்குப் போனாள் என்றதும் நம்மில் பலருடைய முகம் மலர்கிறது. "அப்பாடா, கௌரவமான வேலைக்கு வந்துவிட்டாள்!" இந்த மலர்ச்சி எங்கிருந்து வருகிறது? வட்டியை வாங்குவோர், கொடுப்போரோடு அதை எழுதுவோரையும் சாட்சிகளையும் சேர்த்துச் சபித்த ஹதீஸை நாம் ஓதியிருக்கிறோம். மார்க்கத்தின் தராசில் வைத்தால், வட்டிக் கணக்கு எழுதுவது பாட்டை விட இலேசானது என்று எந்த ஆலிமும் சொல்லத் துணிய மாட்டார். ஆனால் பேங்க் மாப்பிள்ளைக்கு நம் ஊரில் இருக்கும் கிராக்கி எல்லோரும் அறிந்ததே. ஆக, பாடகியைத் தாழ்த்தி பேங்க் ஊழியரை உயர்த்தும் நம் தராசு ஷரீஅத்தின் தராசு அன்று, ஊரார் தராசு. அதன் மேல் ஷரீஅத் என்று நாம் பெயர் எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு தொழிலை விடு என்று சொல்வது எளிது. விட்டவர் எதைத் தின்பார் என்று யோசிப்பதே கடினம். நம் புதுக்கோட்டையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஆடலுக்கும் பாடலுக்கும் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகள் முத்துலட்சுமி. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். சென்னை சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947ல் அதற்குச் சட்டமும் வந்தது. பேச்சோடும் சட்டத்தோடும் அவர் நின்றுவிடவில்லை. அந்த வாழ்க்கையை விட்டுவந்த பெண்பிள்ளைகள் தங்குவதற்கும் படிப்பதற்கும் ஔவை இல்லத்தை ஏற்படுத்தினார். விடச் சொன்னவரே தாங்கவும் செய்தார். ஒருவருடைய தொழிலைப் பழிக்கும் நாம் அவருக்கு மாற்றுப் பிழைப்பைக் காட்டுகிறோமா? அல்லது பழித்ததையே பெரிய அமல் என்று நினைத்துக்கொள்கிறோமா?

நம் வீட்டு நான்ஸிகள்

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சாலையோரம் அமைந்துள்ள நம் கீரனூரில் ரெகே பாடகி யாரும் இல்லை. ஆனால் 32 ஆண்டுகளாக உரியதைப் பெறாத பெண்கள் இல்லையா?

வாப்பா மெயின் ரோட்டில் ஒரு கடையை விட்டு மவுத்தானார். மூத்த மகன் அதை நடத்துகிறார். சகோதரிக்குத் திருமறை வகுத்த பங்கு அதில் இருக்கிறது. அன்று சில ஆயிரம் பெற்ற இடம் இன்று பல லட்சம் பெறுகிறது. சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டால் வரும் பதில்கள் என்ன? "உன் நிக்காஹுக்குச் செலவு செய்தோமே" என்பார். "நீ மாப்பிள்ளை வீட்டில் வசதியாகத்தானே இருக்கிறாய்" என்பார். "இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்கிறாயே" என்பார். கடைசியில், "இடம் கிடந்த கிடப்புக்கு நான்தான் கடையைத் தூக்கி நிறுத்தினேன். வாப்பா மவுத்தான அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்" என்பார். மேலே நாம் கண்ட சாக்குகள் ஜமைக்காவிலிருந்து கப்பலேறி இங்கே வரவில்லை. நம் கூடத்திலேயே குடியிருக்கின்றன. தொழிலில் அவர் போட்ட உழைப்புக்கு என்ன கணக்கு என்பதை உலமாக்களிடம் அமர்ந்து பேசலாம். ஆனால் பங்கு பிரிக்காத இடத்தின் உயர்ந்த விலையிலும், அதன் வாடகையிலும் எல்லா வாரிசுகளுக்கும் அவரவர் விகிதப்படி உரிமையுண்டு என்பதில் பேச்சுக்கு இடமில்லை.

பெருநாளைக்கு முந்திய இரவு வரை கண் விழித்துத் தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம், "பெருநாள் கழித்துத் தருகிறோம்" என்கிறோம். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் அதே பெருநாள்தான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை மேடையில் முழங்குகிறோம். இங்கே வியர்வை உலர்ந்து ஷவ்வாலும் கழிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அலிஃப், பே முதல் ஓதிக்கொடுத்த மூதாட்டிக்கு மாதக் கூலி நிற்பதும் உண்டு. அவர் கண்பார்வை மங்கி ஓதிக்கொடுப்பதை நிறுத்திவிட்டால், நின்றுபோன மாதங்களின் பாக்கியும் அதோடு மறக்கப்பட்டுவிடுகிறது. இங்கே தொழிலோ திருக்குர்ஆனைக் கற்பிப்பது! தொழிலைச் சாக்குச் சொல்ல வழியே இல்லை. அப்படியும் கூலி நிற்கிறது என்றால், தொழிலின் நன்மை தீமை ஒருபோதும் உண்மையான காரணமாக இருந்ததில்லை என்பது விளங்கவில்லையா? கேட்க வலுவில்லாதவர் என்று கண்டதே காரணம்.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். யாருக்கு என்ன பாக்கி என்று எழுதுங்கள். அவர் நல்லவரா, நம்மவரா, என்ன தொழில் செய்தார், இப்போது வசதியாக இருக்கிறாரா என்ற பத்திகள் அதில் வேண்டாம். பெயரும் தொகையும் போதும். வீட்டு வேலைக்கு வந்தவர், கூரை மேய்ந்தவர், தைத்தவர், ஓதிக்கொடுத்தவர் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். ஆள் ஊரை விட்டுப் போயிருந்தால் தேடுங்கள். மவுத்தாகியிருந்தால் வாரிசுகளிடம் சேருங்கள். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் அவர் சார்பில் எப்படிக் கொடுத்துத் தீர்ப்பது என்பதை ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். சகோதரியின் பங்கு நிற்குமானால் அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். "வேண்டாம்" என்று அவர் சொன்னாலும், உறவு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் சொல்கிறாரா, மனமொப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். முதலில் அவர் கையில் கொடுங்கள். கையில் வாங்கிய பிறகு அவர் திருப்பித் தந்தால் அதுவே உண்மையான விட்டுக்கொடுத்தல்.

தொழுகையும் நோன்பும் ஸகாத்துமாக மறுமைக்கு வந்து, பிறரை ஏசியதற்கும் பிறர் பொருளைத் தின்றதற்கும் அத்தனை நன்மைகளையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்பவனையே உம்மத்தின் திவாலானவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்த நாளில் நம் முன்னே வந்து நிற்பவர் ஓர் ஆபிதாக இருக்கலாம். நாம் முகம் சுளித்த ஒரு கொட்டுக்காரராக இருக்கலாம். கடல் கடந்த நாட்டில் பாடிப் பிழைத்த ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். அவர் என்ன தொழில் செய்தார் என்பது அவருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். அவருக்கு நாம் என்ன கொடுக்கவில்லை என்பது நம்முடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். நாம் பதில் சொல்ல வேண்டியது நம் ஏட்டுக்கு மட்டும்.

வல்ல நாயன் நம் பொறுப்பில் நிற்கும் ஹக்குகளை மூச்சு நிற்குமுன் தீர்த்துவிட நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.